கிறிஸ்தவ விசுவாசமும் கல்விப்புல வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளங்கலை மாணவர்கள் முதல் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள் வரை, விசுவாசத்தையும் படிப்பையும் பற்றிப் பேச உட்காரும் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, எந்தச் சபைப்பிரிவின் அதிகாரபூர்வ நிலைப்பாடும் அல்ல. எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. பின்னவை முன்னவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. உலகப்பார்வை, உலகப்பார்வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லையே?

இருப்பவை எவை, அவற்றை நாம் எப்படி அறிகிறோம், மனிதன் யார், நன்மை தீமையை எதைக் கொண்டு அளப்பது, வரலாறு எங்கேயாவது போய்ச் சேருமா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு விடை இருக்கிறது. பெரும்பாலோர் அந்த விடைகளை உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்ததில்லை; வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் படித்த துறையிலிருந்தும் அவை தாமாகவே வந்து படிந்தவை. அந்த விடைகளின் தொகுப்பைத்தான் உலகப்பார்வை என்கிறோம்.

இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்று கொள்வது இயற்கைவாதம். வரலாற்றை நகர்த்துவது உற்பத்தி முறையும் வர்க்கப் போராட்டமும் என்று கொள்வது மார்க்சியம். உலகம் படைக்கப்பட்டது, மனிதன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன், பாவத்தில் விழுந்தவன், கிறிஸ்துவில் மீட்கப்படுகிறவன் என்று கொள்வது கிறிஸ்தவம். பாடநூல்கள் இத்தகைய அடிப்படைகளை முன்னுரையில் அறிவிப்பதில்லை. தனிமனிதன் எப்போதும் தன் பயனைப் பெருக்கிக்கொள்ளவே முடிவெடுக்கிறான் என்ற அனுமானத்தில் தொடங்கும் பொருளியல் பாடம், மனிதன் யார் என்ற கேள்விக்கு ஒரு விடையைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

2. கல்வி நடுநிலையானதுதானே? அதற்குள் மத நம்பிக்கையை ஏன் நுழைக்க வேண்டும்?

ஒரு சேர்மத்தின் உருகுநிலையை யார் அளந்தாலும் ஒரே எண்தான் வர வேண்டும். அந்த அளவில் ஆய்வு நடுநிலையானது; அதுதான் அதன் பெருமையும்கூட. ஆனால் எதை ஆராய்வது, எதை விளக்கமாக ஏற்பது, கிடைத்த அறிவை எதற்குப் பயன்படுத்துவது என்று வரும்போது, அளவுகோலால் அளக்க முடியாத மதிப்பீடுகள் உள்ளே வந்துவிடுகின்றன. சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917-இல் மியூனிக்கில் ஆற்றிய உரை ஒன்றில், அறிவியலின் முடிவுகள் அறியத்தக்கவை என்பதை அறிவியலைக் கொண்டே நிறுவ முடியாது, அது முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளப்படும் ஒன்று என்றார். அவர் விசுவாசியாக நின்று இதைச் சொல்லவில்லை.

இதிலிருந்து "எல்லாமே சார்புதான், ஆகவே என் சார்பும் செல்லும்" என்று தாவுகிறவர்கள் உண்டு. அறிவியல் புரட்சிகளைப் பற்றி 1962-இல் எழுதிய தாமஸ் கூனை இதற்குச் சாட்சியாக இழுக்கிறார்கள். அவரோ அந்த முடிவைத் தம்முடையதாக ஏற்கவில்லை. உண்மை என்று ஒன்று உண்டு என்று அறிக்கையிடும் ஒரு கிறிஸ்தவர், வாதத்தில் வெல்வதற்காக மட்டும் சார்பியல்வாதியாக மாறுவது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

3. அறிவியலும் கிறிஸ்தவமும் காலங்காலமாகப் பகைதானே? கலிலியோவுக்கு நடந்தது என்ன?

நடந்தது அநீதி, அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. 1633-இல் உரோமை விசாரணை மன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற தம் கருத்தை மறுதலிக்கச் செய்தது. 1642-இல் இறக்கும்வரை அவர் வீட்டுக்காவலில் இருந்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் தரப்பில் நேர்ந்த தவறுகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் ஒப்புக்கொண்டார். அதே வழக்கில் கர்தினால் பெல்லார்மின் 1615-இல் எழுதிய கடிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பூமி சுற்றுகிறது என்பதற்கு மெய்யான நிரூபணம் கிடைத்தால், முரண்படுவதுபோல் தோன்றும் வேதவசனங்களை நாம் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று அதில் அவர் எழுதினார். ஆக, சண்டை வெறுமனே வேதத்துக்கும் தொலைநோக்கிக்கும் இடையே நடந்ததன்று; நிரூபணம் என்பது எது, வேதத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பவையும் அதில் கலந்திருந்தன.

இரு தரப்பும் ஓயாமல் போரிட்டன என்ற சித்திரம் பெரிதும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த இரண்டு நூல்களால் பரவியது. ஒன்றை ஜான் வில்லியம் டிரேப்பர் 1874-இலும், மற்றொன்றை ஆண்ட்ரூ டிக்சன் வைட் 1896-இலும் வெளியிட்டனர். அறிவியல் வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர், அவர்களில் விசுவாசம் இல்லாதவர்களும்கூட, இன்று இச்சித்திரத்தை ஏற்பதில்லை.

இச்சித்திரத்துக்கு மறுமொழியாக விசுவாசிகளாய் இருந்த அறிவியலாளர்களின் பட்டியலை நீட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மரபியலின் முன்னோடி மெண்டல் துறவி, அண்டவியலாளர் லெமேத்ர் குரு என்பவை உண்மைதான். ஒருவர் இரண்டையும் சேர்த்து வாழ முடியும் என்பதைத்தான் அந்தப் பட்டியல் காட்டும். விசுவாசம் மெய் என்பதற்கு அது சான்றாகாது. நாத்திக அறிவியலாளர்களின் பட்டியல் இதைவிட நீளமாக இருந்தால் என்ன செய்வோம்?

4. பரிணாமக் கொள்கையை ஏற்றுக்கொண்டால் நான் விசுவாசியே இல்லையா?

டார்வினின் நூல் வெளிவந்தது 1859-இல். அமெரிக்காவில் அதற்காக வாதாடியவர்களில் முன்னணியில் நின்ற தாவரவியலாளர் ஏசா கிரே, பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த விசுவாசி. டார்வினோடு நெடுங்காலம் கடிதத் தொடர்பில் இருந்தவர். வேதம் பிழையற்றது என்ற போதனையை உறுதியாக நிலைநாட்டிய பிரின்ஸ்டன் இறையியலாளர் பி. பி. வார்ஃபீல்டும் பரிணாமத்துக்குக் கதவை அடைத்துவிடவில்லை. மனித ஜீனோம் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் நம் காலத்தவர். பூமி சில ஆயிரம் ஆண்டுகளே பழமையானது என்று நம்பும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். பூமி பழமையானது, ஆனால் உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டன என்போரும், பரிணாமமே தேவன் படைத்த வழி என்போரும் இருக்கிறார்கள்.

உயிரினங்களுக்குப் பொது மூதாதை உண்டு என்பது உயிரியல் கூற்று. புதைபடிவங்களையும் மரபணுக்களையும் கொண்டு அதைச் சோதிக்கலாம். "ஆகவே வாழ்வுக்கு நோக்கமே இல்லை" என்பது தத்துவக் கூற்று. அதைச் சோதிக்கும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை. வகுப்பில் இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படும்போது இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். பிரித்த பிறகும், ஆதாமைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் கடினமான இறையியல் கேள்விகள் மிஞ்சும். அவை இல்லாததுபோல் உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை.

5. நான் நம்பாததைத் தேர்வில் எழுதினால் அது பொய் சொன்னதாகுமா?

ஆகாது. தேர்வு கேட்பது அந்தத் துறை என்ன சொல்கிறது, எந்தச் சான்றின்மேல் சொல்கிறது என்பதை. அதைச் சரியாக எழுதுவது உங்கள் புரிதலைக் காட்டும். அது விசுவாச அறிக்கை அன்று. "உன் சொந்தக் கருத்தை விவாதி" என்று கேள்வி இருந்தால் மட்டும் நிலைமை வேறு. அங்கேயும் கருத்துக்குக் காரணம் தர வேண்டும்.

6. பேராசிரியர் வகுப்பிலேயே கடவுள் நம்பிக்கையைக் கிண்டல் செய்கிறார். நான் எழுந்து பதில் சொல்லாவிட்டால் ஆண்டவரை மறுதலித்ததாகுமா?

கிண்டலுக்கும் வாதத்துக்கும் வேறுபாடு உண்டு. கிண்டலுக்கு மறுமொழி கொடுப்பது கடமை அன்று. பேதுரு தம் முதல் நிருபத்தில், உங்கள் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். அதையும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் செய்யச் சொல்கிறார். யாரும் கேட்காத இடத்தில் நாற்பது பேர் முன்னிலையில் ஒருவரை மடக்குவது இந்த வசனத்துக்குள் அடங்காது.

அவர் வாதமாகவே ஏதேனும் முன்வைத்தால், "இது இந்தத் துறையின் முடிவா, உங்கள் தனிப்பட்ட கருத்தா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல ஆசிரியர்கள் பலர் அந்த இடத்தில் நின்று, இரண்டையும் பிரித்துச் சொல்வார்கள். வகுப்பு முடிந்தபின் அவரைத் தனியே சந்திப்பது பெரும்பாலும் இன்னும் பயனுள்ளது. மதத்தின் பெயரால் காயப்பட்ட ஒருவராகவும் அவர் இருக்கக்கூடும். அப்படியானால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அவர் சொல்வதைக் கேட்பது. உங்கள் நம்பிக்கையின் காரணமாக மதிப்பெண்ணே குறைக்கப்பட்டால் விஷயம் வேறு. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் முறையீட்டு வழியில் செல்லுங்கள்.

7. மாற்றுக் கொள்கைகளை ஆழமாகப் படித்தால் விசுவாசம் போய்விடும், படிக்காதே என்கிறார் என் போதகர். அவர் சொல்வது சரியா?

அவருடைய அக்கறை சரி. அறிவுரையின் பாதி சரி. தானியேலும் அவன் நண்பர்களும் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றார்கள். ராஜாவின் போஜனத்தை மறுத்தவர்கள் பாடத்தை மறுக்கவில்லை. அத்தேனே பட்டணத்தில் பவுல் எடுத்துச் சொன்ன "நாம் அவருடைய சந்ததியார்" என்ற அடி, கிரேக்கக் கவிஞர் அராட்டஸ் சேயுஸ் தெய்வத்தைப் பற்றிப் பாடியது. அதை எடுத்தாள வேண்டுமானால் பவுல் அதை முதலில் படித்திருக்க வேண்டும்.

வரலாற்றில் இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு 13-ஆம் நூற்றாண்டின் பாரிஸ். அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்களைக் கற்பிக்க அங்கே 1210-இல் தடை விதிக்கப்பட்டது; 1255-இல் அதே பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் அவற்றைக் கட்டாயப் பாடமாக்கியது. அந்தச் சூழலில் வந்த தாமஸ் அக்குவினாஸ், கிறிஸ்தவரல்லாத அரிஸ்டாட்டிலை வரிக்கு வரி உரையெழுதிக் கற்றார். இப்னு சீனா, இப்னு ருஷ்து என்ற இசுலாமிய அறிஞர்களிடமும், யூத அறிஞர் மைமோனிடிசிடமும் வாதிட்டும் கற்றும் வளர்ந்தார். அவருடைய எழுத்து முறையைக் கவனியுங்கள்: ஒவ்வொரு கேள்வியிலும் எதிர்த்தரப்பு முதலில் வருகிறது. "தேவன் இருக்கிறாரா?" என்ற கேள்வியின்கீழ் அவர் முதலில் வைப்பது, இல்லை என்பதற்கான காரணங்களை. அதன் பிறகே தம் விடை. கடைசியில் ஒவ்வோர் எதிர்வாதத்துக்கும் தனித்தனி மறுமொழி. எல்லோரும் இதை ரசிக்கவில்லை என்பதும் உண்மை. 1277-இல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டித்துப் பட்டியல் வெளியிட்டபோது, அக்குவினாசின் கருத்துகளை ஒட்டிய சிலவும் அதில் அகப்பட்டன.

படித்தால் நம்பிக்கை மாறவே மாறாது என்று நான் உறுதி தரமாட்டேன், மாறியவர்கள் உண்டு. ஆனால் படிக்காமல் காக்கப்பட்ட நம்பிக்கையும் முதல் கடினமான கேள்வியில் சரிவதைக் காண்கிறோம். உங்கள் போதகர் சொன்னதில் நான் எடுத்துக்கொள்ளும் பாதி இது: தனியாகப் படிக்காதீர்கள். ஜெபத்திலும் வாசிப்பிலும் உங்களைவிட மூத்த ஒருவரோடு சேர்ந்து படியுங்கள்.

8. மார்க்சியம், பெண்ணியம், பின்நவீனத்துவம் எல்லாம் நமக்கு எதிரிகள்தானே? மறுத்து எழுதினால் போதாதா?

மறுக்கலாம். அதற்கு முன் "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளை நிற்கிறது. நீதிமன்றக் கூண்டுக்கு மட்டுமன்று, மேற்கோள் குறிகளுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வலியுறுத்துவதும் அதுவே. ஒரு கொள்கையை நீங்கள் சுருக்கி எழுதியதை அக்கொள்கையாளர் படித்து, "ஆம், நான் சொல்வது இதைத்தான்" என்று ஒப்ப வேண்டும். அந்தச் சோதனையில் தேறிய பிறகு மறுக்கத் தொடங்குங்கள்.

மதம் மக்களுக்கு அபினி என்று மார்க்ஸ் சொன்னதாகப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். 1844-இல் வெளியான கட்டுரையில் அந்தச் சொற்களுக்குச் சற்று முன்னால், மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகின் இதயம் என்கிறார். முழுவதையும் படித்தாலும் அவர் மத விமர்சகர்தான். ஆனால் அவர் விமர்சிப்பது, துன்பத்தின் காரணத்தைத் தொடாமல் வலியை மட்டும் மரக்கச் செய்யும் பக்தியை. ஆமோஸ் தீர்க்கதரிசியின் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தவருக்கு அந்தக் கோபம் முற்றிலும் அந்நியமாக இராது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு, மனிதனைப் பற்றியும் மீட்பைப் பற்றியும் மார்க்ஸ் சொல்வதை மறுக்க உங்களுக்கு நிறையவே இடம் இருக்கிறது.

9. மாற்கு 16-இன் கடைசிப் பகுதி பின்னால் சேர்க்கப்பட்டது என்கிறார்கள், மோசே ஐந்தாகமங்களை எழுதவில்லை என்கிறார்கள். இனி எதைத்தான் நம்புவது?

இவை இரண்டு வேறு வகைக் கூற்றுகள். முதலாவது கையெழுத்துப் படிகளைப் பற்றியது. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் படி, வத்திக்கான் படி இரண்டிலும் மாற்கு நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தோடு முடிகிறது. இது விசுவாசத்தைக் குலைக்கப் புனையப்பட்ட செய்தி அன்று. விசுவாசிகளான அறிஞர்களே பெரும்பாலும் இதை ஏற்கிறார்கள், புதிய மொழிபெயர்ப்புகள் பல அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுகின்றன. உயிர்த்தெழுதலின் செய்தி அந்தப் பன்னிரண்டு வசனங்களை மட்டும் நம்பி நிற்கவில்லை. 1 கொரிந்தியர் 15 நற்செய்தி நூல்களுக்கும் முந்தியது என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து.

இரண்டாவது, நூல் எப்படி உருவானது என்பது பற்றிய கருதுகோள். ஐந்தாகமங்கள் நான்கு மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டன என்ற கருத்துக்கு ஜெர்மானிய வேத ஆய்வாளர் யூலியுஸ் வெல்ஹவுசன் 1878-இல் செவ்விய வடிவம் தந்தார். 1970-களிலிருந்து அத்துறைக்குள்ளேயே அது கடுமையாகத் திருத்தப்பட்டும் மறுக்கப்பட்டும் வருகிறது. ஆயினும் முழுவதையும் மோசே எழுதினார் என்ற கருத்துக்கு அத்துறை திரும்பிவிடவில்லை. இங்கே இரண்டாம் கேள்வியில் சொன்னது உதவும். வரலாற்றாய்வின் நெறிகளை ஜெர்மானிய இறையியலாளர் எர்ன்ஸ்ட் ட்ரோல்ச் 1898-இல் வகுத்தபோது, கடந்த காலத்தை நம் அனுபவத்துக்கு ஒப்பான நிகழ்ச்சிகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதை அவற்றில் ஒன்றாக வைத்தார். அந்த நெறியை இறுக்கிப் பிடித்தால் உயிர்த்தெழுதல், சான்றைப் பார்க்கும் முன்பே தள்ளுபடியாகிவிடும். அதைச் சுட்டிக்காட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு நூலின் காலத்தைச் சான்றுக்கு முன்பே முடிவுசெய்துவிடாதிருக்கும் கடமையும் உங்களுக்கு உண்டு.

10. ஆய்வேட்டில் கடவுளின் செயலைப் பற்றி எழுதலாமா?

இறையியல் அல்லது சமயத் தத்துவத் துறையில் அதுவே பொருளாக இருக்கலாம். மற்றத் துறைகளில், எல்லோரும் சரிபார்க்கக்கூடிய காரணங்களோடு நின்றுகொள்வது நடைமுறை. அது ஆய்வு முறையின் எல்லை. கடவுள் இல்லை என்ற அறிவிப்பு அன்று. ஒரு சமூகத்தின் மதமாற்றத்தைப் பற்றிய ஆய்வில் "தேவன் இம்மக்களைத் தொட்டார்" என்ற வாக்கியத்தைத் தேர்வாளர் வெட்டிவிடுவார். "தங்களிடம் நேர்ந்த மாற்றத்தை இம்மக்கள் தேவனின் செயலாகவே விவரிக்கின்றனர், பொருளாதாரக் காரணங்களை மட்டும் கொண்டு அதை விளக்க முயன்ற முந்தைய ஆய்வுகள் இந்த விவரிப்பைப் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை" என்று எழுதினால், அது நிற்கும், மேலும் கூர்மையாகவும் இருக்கும்.

இந்த எல்லையைக் காப்பது விசுவாசத்துக்கும் நல்லது என்பதற்கு ஜார்ஜ் லெமேத்ர் சாட்சி. பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதை 1927-இல் எழுதிய பெல்ஜியக் குரு அவர்; அது ஒரு தொடக்க அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931-இல் முன்வைத்தார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பியுஸ், வத்திக்கான் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில் இந்தப் புதிய அண்டவியலைப் படைப்புக்கு ஆதரவாகக் காட்டினார். எந்தக் குருவுக்கும் மகிழ்ச்சி தந்திருக்கக்கூடிய அந்தப் பாராட்டு லெமேத்ருக்குச் சங்கடம் தந்தது. கருதுகோள் இன்னும் சோதனையில் இருந்தது. நாளை அது வீழ்ந்தால் படைப்பின் போதனையும் அதோடு வீழ்ந்ததாக ஆகிவிடும். வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநரோடு சேர்ந்து அவர் தம் கவலையை எட்டச் செய்தார். அடுத்த ஆண்டு வானியலாளர்களிடம் பேசியபோது திருத்தந்தை அந்த வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை.

11. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆள், திங்கட்கிழமை வேறு ஆள் என்றுதானே ஆகிறது?

லெமேத்ரைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. குருவாகவும் இயற்பியலாளராகவும் இருந்த ஒரே ஆள்தான் அந்த எச்சரிக்கையைச் செய்தார். விசுவாசம் ஆய்வில் இருக்குமிடம் பெரும்பாலும் முடிவுரை அன்று. எந்தக் கேள்வியை ஆராயத் தகுந்தது என்று தேர்ந்தெடுக்கிறீர்கள், தகவல் தந்தவர்களை எப்படி நடத்துகிறீர்கள், இளைய ஆய்வாளர் செய்த வேலைக்கு அவர் பெயரைப் போடுகிறீர்களா என்பவற்றில் அது இருக்கும். தத்துவவியலாளர் ஆல்வின் பிளான்டிங்கா 1983-இல் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், கிறிஸ்தவத் தத்துவவியலாளர்கள் துறையின் நடப்புக் கேள்விகளுக்கு மட்டும் பின்னால் ஓடாமல், தங்கள் சமூகத்துக்கு எழும் கேள்விகளையும் எடுத்து ஆராய வேண்டும் என்றார். தத்துவத்தில் அது பலித்தது. வேதியியலில் அந்த அறிவுரைக்கு எவ்வளவு இடம் என்று கேட்டால், அதிகம் இல்லை என்பேன்.

12. என் ஆய்வின் முடிவே என் நம்பிக்கைக்குச் சாதகமாக இல்லை. வெளியிடாமல் விட்டுவிடலாமா?

வெளியிடுங்கள். ஜெபிக்கிறவர்கள் விரைவில் குணமடைகிறார்களா என்று ஆராய்ந்து, வேறுபாடு இல்லை என்று கண்டால், அது உங்கள் கண்டறிதல். அதை மேசைக்குள் பூட்டுவது எட்டாம் கேள்வியில் சொன்ன பொய்ச்சாட்சியின் இன்னொரு வடிவம். ஜெபம் என்பது அளவிட்டுத் தரும் மருந்தா என்ற இறையியல் கேள்வியைப் பிறகு வேறொரு கட்டுரையில் எழுப்பலாம். தரவைத் திருத்தி எழுப்பக் கூடாது.

13. கிறிஸ்துவே சத்தியம் என்று நம்பிக்கொண்டு, மற்றவர்களிடமிருந்து கற்கிறேன் என்பது நடிப்பு இல்லையா?

கிறிஸ்துவே சத்தியம் என்பதிலிருந்து, கிறிஸ்தவருக்கு எல்லாம் தெரியும் என்பது பின்தொடராது. அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலிடம் கற்றது நடிப்பன்று. உங்கள் நாத்திக நண்பரிடம் புள்ளியியலும், இசுலாமிய ஆய்வாளரிடம் இடைக்கால வரலாறும், ஒருவேளை பொறுமையும்கூட நீங்கள் கற்கலாம். அவரை மனமாற்றும் திட்டத்தை மறைத்துக்கொண்டு கற்பதுபோல் பாவனை செய்தால்தான் அது நடிப்பு.

14. இவ்வளவு துன்பம் இருக்கும்போது நல்ல கடவுள் எப்படி இருக்க முடியும் என்று நண்பர் கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. சர்வவல்ல நல்ல கடவுளும் தீமையும் சேர்ந்திருப்பது தர்க்க முரண் என்று தத்துவவியலாளர் ஜே. எல். மாக்கி 1955-இல் வாதிட்டார். சுயாதீன சித்தமுள்ள மனிதரைப் படைக்க விரும்பும் கடவுளால், அவர்கள் ஒருபோதும் தவறாத உலகைப் படைக்க முடியாமல் போகலாம் என்று பிளான்டிங்கா காட்டிய மறுமொழியை, அந்தத் தர்க்க வடிவத்துக்குப் போதுமான விடையாக நாத்திகத் தத்துவவியலாளர் பலரும் ஏற்றனர். அதோடு முடியவில்லை. காட்டுத்தீயில் கருகி நாட்கணக்கில் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டியை 1979-இல் தத்துவவியலாளர் வில்லியம் ரோ எடுத்துக்காட்டினார். யாரும் பாராத, யாருக்கும் பயன்படாத அந்த வேதனை முரண்பாட்டை நிறுவாவிட்டாலும், கடவுள் இல்லை என்பதற்குச் சான்றாகிறது என்றார். சுயாதீன சித்தம் பற்றிய பதில் அந்த மான்குட்டியை எட்டாது. இதற்கு மறுமொழிகள் உண்டு. என்னை முழுவதும் திருப்திப்படுத்தியது எதுவும் இல்லை.

உங்கள் நண்பர் தத்துவமாகக் கேட்டாரா, தம் வீட்டுத் துக்கத்திலிருந்து கேட்டாரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யோபுவின் நண்பர்கள் தேவனின் தரப்பில் நின்று நேர்த்தியாக வாதாடினார்கள். புத்தகத்தின் கடைசியில், என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவன் கடிந்துகொள்வது அவர்களைத்தான், புலம்பிய யோபுவை அல்ல. வாய் அடைத்துப்போனதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

15. எனக்கே சந்தேகங்கள் வருகின்றன. சபையில் சொன்னால் ஒதுக்குவார்கள், துறையில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஏழாம் கேள்வியில் சொன்ன அந்த மூத்தவரிடம் சொல்லுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு நற்செய்தியில் ஒரு தகப்பன் கூவியபோது, அவனுடைய வேண்டுதல் கேட்கப்பட்டது. ஆய்வேட்டின் கடைசி மாதங்களில் தூக்கமும் பணமும் குறையும்போது எல்லாமே சந்தேகமாகத் தோன்றும். நம்பிக்கையைப் பற்றிய பெரிய முடிவுகளை அப்போது எடுக்காதீர்கள்.

16. ஒரு கிறிஸ்தவக் கல்வி நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. விசுவாச அறிக்கையில் கையெழுத்திடச் சொல்கிறார்கள். ஒரு வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. போட்டுவிடலாமா?

இது பழைய இக்கட்டு. கேம்பிரிட்ஜில் நியூட்டன் திரித்துவக் கோட்பாட்டை உள்ளூர ஏற்காதவர். அதைப் பொதுவெளியில் சொல்லாமல், குருப்பட்டம் பெறுவதிலிருந்து 1675-இல் அரச விலக்குப் பெற்றுப் பதவியில் நீடித்தார். அவருக்குப் பின் அதே பேராசிரியர் பதவிக்கு வந்த வில்லியம் விஸ்டன் அத்தகைய கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். 1710-இல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பெரும்பாலான பதவிகளுக்கான மதச் சோதனை சட்டப்படி நீங்கியது 1871-இல்தான். சமய அடிப்படையில் அமைந்த நிறுவனம் தன் ஆசிரியர்களிடம் பொது அறிக்கை கேட்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். வேலைக்காக மனச்சாட்சியை மடித்து வைக்கச் சொல்வது தவறு.

கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள்: அந்த வரியை நிறுவனம் எவ்வளவு விரிவாகப் பொருள்கொள்கிறது, உங்கள் கருத்து வேறுபாட்டைக் குறிப்பாக எழுதி இணைக்கலாமா, பின்னாளில் ஆய்வு உங்களை வேறு முடிவுக்குக் கொண்டுபோனால் நடைமுறை என்ன. பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, போட்டுவிடுங்கள்" என்று சொல்லும் நிறுவனத்தில் நான் சேரமாட்டேன். யாரும் பார்க்காத அறிக்கை, உங்கள்மேல் யாருக்காவது கோபம் வரும் நாளில் திடீரென்று பார்க்கப்படும். சேர்ந்த பிறகு கருத்து மாறினால், வகுப்பில் மாணவர்களிடமோ ஆய்விதழிலோ வெளியிடுவதற்கு முன் துறைத்தலைவரிடம் முதலில் சொல்லுங்கள்.